கொதிகலனுக்குப் பின்னால் பிறந்தவன்

பேருந்துப் பணிமனையில் அவனுக்கு வேறொரு பெயர் இருந்ததே பலருக்குத் தெரியாது. சுண்டு. வயதில் இளையவர்கள் சுண்டண்ணன் என்றார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். பெயர் வைத்தது அவனுடைய அக்கா. அவன் பிறந்த அன்று, நான்கு வயதுக்காரியான அவள் துணிச் சுருளுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுவா தம்பி? சுண்டுவிரல் மாதிரில்ல இருக்கு" என்றாளாம். பிள்ளை தங்குமோ தங்காதோ என்றிருந்த நேரம். வேறு பெயர் யோசிக்க யாருக்கும் தெம்பில்லை. பிள்ளை தங்கிவிட்டான், பெயரும் ஒட்டிக்கொண்டது.

இருவரும் ஒரே தாய், ஒரே தகப்பனுக்குப் பிறந்தவர்கள்தான். ஆனால் அக்கா பிறந்த வீடு வேறு, சுண்டு பிறந்த வீடு வேறு.

அக்கா வயிற்றில் இருந்தபோது அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். கம்பெனி கொடுத்த வீட்டில் இரண்டு அறைகள், சமையலறையில் காலை வெயில் விழும் ஜன்னல். மனைவி குனிந்து ஒரு குடத்தைத் தூக்கினாலும் அவருக்குப் பொறுக்காது. பக்கத்து வீட்டுப் பெண்கள் கேலி செய்வார்கள்: "உம் புருஷன் உன்னைக் கட்டில்லேர்ந்து கிரேன் வச்சுத்தான் எறக்குவாரு போல." வேலை முடிந்து வரும்போது பையில் பழமோ முட்டையோ இல்லாமல் வரமாட்டார். அக்கா பிறந்தபோது கையில் வாங்கிய தாதி, "அம்மாடி, கல்லுக் குண்டு" என்று சிரித்தாள். கல்லுக் குண்டாகவேதான் அக்கா வளர்ந்தாள்.

சுண்டு அம்மாவின் வயிற்றில் நான்கு மாதமாக இருந்தபோது, ஒரு மழைநாளில், கிரேனின் இரும்பு ஏணியில் அப்பாவின் கால் வழுக்கியது. தகவல் சொல்ல வந்தவர்கள் வாயும் வயிறுமாக இருக்கிறவளிடம் எப்படிச் சொல்வது என்று வாசலிலேயே நின்றுவிட்டார்கள். நேரம் போகப் போகக் கூட்டம் கூடியது. கூட்டத்தைப் பார்த்துத்தான் அம்மா தெரிந்துகொண்டாள். அதை அவள் கடைசிவரை மன்னிக்கவில்லை.

வீட்டை அடுத்த ஓட்டுநருக்குக் காலி செய்து கொடுக்க வேண்டியிருந்தது. அம்மாவின் அண்ணன் வெளியூரிலிருந்து வந்தான். அவள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று பேச்சையே விட்டிருந்தவன். வாசலில் நின்றபடி, "மூட்டையைக் கட்டு. பிள்ளையைத் தூக்கிட்டுக் கெளம்பு" என்றான்.

"அவர் உசுரோட இருந்தப்ப இந்தப் படிய மிதிக்கல. இப்ப என்னத்தப் பாக்க வந்த?"

"பழசைப் பேசுற நேரமா இது?"

"எனக்குப் பேசுறதுக்கு அது மட்டும்தான் இருக்கு. நீ போ."

அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டான். திரும்ப வரவில்லை. அம்மாவும் கூப்பிடவில்லை.

மருத்துவமனைகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் வருகிற படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் சலவை ஆலை ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. ஆலைக்குப் பின்புறத்தில் வேலைக்காரர்களுக்கு என்று வரிசையாகச் சில அறைகள். அவளுக்குக் கிடைத்த அறையின் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் கொதிகலன். சுவர் சுட்டது, மற்ற மூன்று சுவர்களும் வியர்த்துக் கொட்டின. துணியைக் காயப்போட்டால் காயாது. அக்காவின் செருப்பில் பூஞ்சை பூத்தது. காலையிலிருந்து பொழுது சாயும்வரை அம்மா நின்றுகொண்டே ஈர விரிப்புகளைச் சூடான உருளைக்குள் தள்ளிக்கொண்டிருப்பாள். சாயங்காலம் கிடைக்கிற சாப்பாட்டை முதலில் அக்காவுக்கு வைப்பாள். நான்கு வயதுப் பிள்ளை பசி தீர்ந்து தட்டில் மிச்சம் வைத்தால் அது அம்மாவுக்கு. அக்காவோ மிச்சம் வைக்கிற பிள்ளை இல்லை.

ஏழாம் மாதத்திலேயே வலி வந்தது. மேற்பார்வையாளர், "இந்த ஒரு வண்டித் துணியை முடிச்சிட்டுப் போம்மா" என்றார். முடித்துவிட்டுத்தான் போனாள். மடிப்புப் பிரிவில் இருந்த ஒரு பெண் ஓடிவந்து துணைக்கு நின்றாள். பிறந்தவன் அழவில்லை, பூனைக்குட்டி மாதிரி முனகினான். அந்தப் பெண்தான் அவனைத் துணியில் சுற்றி, கொதிகலன் சுவரை ஒட்டி, கை பொறுக்கிற சூட்டில் ஒரு துணிக்கூடையில் படுக்கவைத்தாள். ஆலையின் பெண்கள் மாறி மாறி வந்து தொட்டுப் பார்த்தார்கள். "மீதி மாசத்தைக் கொதிகலன் சுமந்துச்சு" என்று பிற்பாடு அவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சுவர் இல்லாவிட்டால் அவன் பிழைத்திருக்க மாட்டான். அந்த அறைக்கு வராமலிருந்தால் அப்படிப் பிறந்திருக்கவும் மாட்டான். இதில் எதைச் சொல்லி எதை விடுவது?

அதன் பிறகு அக்காவுக்கும் தம்பிக்கும் எல்லாம் ஒன்றுதான். அம்மா மடிப்புப் பிரிவுக்கு மாறினாள், சுவர் வியர்க்காத வேறு இடத்துக்குக் குடிபோனார்கள். ஒரே பானையில் வெந்தது, ஒரே பள்ளிக்கூடம், ஒரே போர்வை. என்றாலும் அக்கா கதவு நிலையைத் தொடுகிற உயரத்துக்கு வளர்ந்தாள், அவன் அவள் தோளோடு நின்றுவிட்டான். மழைக்காலம் வந்தால் அவனுக்கு நெஞ்சில் விசில் அடிக்கும். அக்காவுக்குச் சளி பிடித்தால்கூட இரண்டு தும்மலோடு போய்விடும். "உனக்கு நோய் வந்தா நோய்க்குத்தான் ஆபத்து" என்பான் அவன்.

கிரேன் வேண்டவே வேண்டாம் என்று அம்மா காலில் விழாத குறையாகச் சொன்னதால், பேருந்து ஓட்டப் போனான். உரிமத்துக்குக் கண் பரிசோதனை தேவைப்பட்டது. கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைக் காட்டிய பெண், அவன் எல்லா வரிகளையும் கடகடவென்று படித்து முடித்ததும், "உங்களுக்குக் கண்ணுல ஒரு குறையும் இல்ல. கழுத்துதான் கொஞ்சம் பத்தல" என்றாள். அந்தப் பெண்ணைத்தான் கட்டிக்கொண்டான். ஓட்டுநர் இருக்கையில் தடித்த மெத்தை ஒன்றைப் போட்டு உட்காருவான். அப்படியும் தூரத்திலிருந்து பார்த்தால் பேருந்து ஆளில்லாமல் வருவது போலத் தெரியும். நிறுத்தத்தில் நிற்கும் வழக்கமான பயணிகள், "வண்டி தானா வருது பாரு" என்பார்கள். அவன் கையை மட்டும் உயர்த்திக் காட்டுவான்.

ஒரு பெண் பிறந்தாள். நகரின் ஓரத்தில், மூன்றாவது மாடியில், வெயில் வருகிற அறை ஒன்றும் வராத அறை ஒன்றுமாக ஒரு வீடு வாங்கினார்கள். அம்மாவையும் கூட்டி வைத்துக்கொண்டான். கொதிகலன் அறையின் கதையைக் கேட்டால் சிரிப்பான். "அதெல்லாம் எப்பவோ தாண்டியாச்சு. மூணு மாடி மேல வந்துட்டேன்ல."

அவன் அளவுக்கு உடம்பைப் பேணியவர்கள் அந்தப் பணிமனையில் யாரும் இல்லை. குடிக்கமாட்டான், புகைக்கமாட்டான். வேலைக்கு நடந்து போய் நடந்து வருவான். அவனுடைய நெருங்கிய நண்பன் ஒருவன் இருந்தான். வாயிலிருந்து புகை ஓயாததால் எல்லோரும் அவனைப் புகைவண்டி என்பார்கள். பொரித்ததைத் தவிர வேறு எதையும் தின்னாதவன். இருவரும் சேர்ந்து ஓட்டுநர்களுக்கான வருடாந்திர மருத்துவப் பரிசோதனைக்குப் போனார்கள். புகைவண்டி விசில் அடித்துக்கொண்டு வெளியே வந்தான். சுண்டுவை மட்டும் மருத்துவர் உட்காரவைத்து மூன்று தடவை கையில் பட்டை கட்டி இரத்த அழுத்தம் பார்த்தார்.

"குடிப்பீங்களா?"

"இல்ல டாக்டர்."

"எங்கிட்ட மறைக்க வேண்டாம். வேலைக்கு ஒண்ணும் ஆகாது."

"இருந்தாத்தான மறைக்கிறதுக்கு."

மருத்துவர் நம்பவில்லை. உப்பைக் குறைக்கச் சொன்னார், எடையைக் குறைக்கச் சொன்னார். குறைக்க அவனிடம் எடை இருந்ததே இல்லை. வெளியே வந்ததும் புகைவண்டி, "இனிமே நீயும் குடிக்க ஆரம்பி. குடிகாரன்ங்கிற பேருதான் வந்தாச்சே" என்றான். சுண்டு சிரிக்கவில்லை. அப்போது அவனுக்கு நாற்பத்தொரு வயது.

மாத்திரைகள் கூடிக்கொண்டே போயின, அழுத்தம் இறங்கவில்லை. நாற்பத்தாறில் பயணிகள் வண்டியை ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பணிமனை மைதானத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு வண்டியைப் பின்னெடுக்கச் சொல்லிக்கொடுக்கும் வேலை கொடுத்தார்கள். மெத்தையை வீட்டுக்கு எடுத்து வந்து கட்டிலுக்கு அடியில் போட்டான். ஐம்பதைத் தொட்டபோது ஒருநாள் காலையில் முகம் அதைத்து வீங்கியிருந்தது, கால் செருப்பில் நுழையவில்லை. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டிருந்தன.

சிறுநீரக மருத்துவர் ஒரு நடுத்தர வயதுப் பெண். எல்லாம் கேட்டு முடித்தபின், இதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"பொறக்கும்போது எடை எவ்வளவு இருந்தீங்க?"

"தராசுல வைக்கிற அளவுக்கு நான் இல்ல டாக்டர்" என்றான். "எங்கம்மாவைத்தான் கேக்கணும்."

"அம்மா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்க. என்னைவிட நல்லா இருக்காங்க."

அடுத்த முறை அம்மாவையும் கூட்டிப் போனான். எழுபத்தெட்டு வயதில் கைத்தடி இல்லாமல் நடந்து வந்து உட்கார்ந்தாள். மருத்துவர் கேட்கக் கேட்க, சலவை ஆலையையும், கொதிகலன் சுவரையும், துணிக்கூடையையும் சொன்னாள். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டபோது மட்டும் தயங்கினாள். பிறகு அதையும் சொன்னாள்.

மருத்துவர் நிதானமாக விளக்கினார். சிறுநீரகத்துக்குள் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் பொடிப் பொடி வடிகட்டிகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. அவை உருவாவது தாயின் வயிற்றில்தான். கடைசி மாதங்களில்தான் வேகமாகப் பெருகும். பிறந்த கொஞ்ச நாளில் அந்த வேலை நின்றுவிடும், பிறகு எத்தனை நன்றாகச் சாப்பிட்டாலும் ஒன்றுகூடப் புதிதாக வராது. குறைவாக அமைந்துவிட்டால், இருக்கிற கொஞ்சம், இல்லாதவற்றின் வேலையையும் சேர்த்துச் செய்யும். இளவயதில் தெரியாது. பிறகு ஒவ்வொன்றாகத் தேய்ந்துபோகும், அழுத்தம் ஏறும், இதயமும் கூடவே இழுபடும்.

"இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்லமாட்டேன். இப்படிப் பொறந்து தொண்ணூறு வயசு வரைக்கும் இருந்தவங்களும் உண்டு. ஆனா இவர் குடிக்கல, புகைக்கல. வேற ஒண்ணும் எனக்குத் தெரியல."

"அப்ப அது நான்தானே?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. நீங்க என்ன பண்ணியிருக்க முடியும்? புருஷன் போயிட்டாரு, சாப்பாடு இல்ல, வேலை அப்படி."

"எங்கண்ணன் கூப்பிட்டான். அவன் வீட்ல பால் இருந்துச்சு, பாய் இருந்துச்சு. ரோஷத்துல நான் போகல." பிறகு மகனின் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "பட்டினி கெடந்தது நான்னு நெனச்சேன். இவன்ல்ல கெடந்திருக்கான்."

சுண்டு எழுந்து அவள் கையைப் பிடித்தான். "வா, பேருந்து போயிடும்" என்றான்.

சேதி அக்காவுக்கும் போயிற்று. பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்து, மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தாள். "அப்ப நான் தின்னது உன் பங்கு" என்றாள்.

"நாலு வயசுல உனக்குப் பங்கு கிங்கெல்லாம் தெரியுமா?"

"தெரியலேன்னாலும் தின்னது தின்னதுதான். என் சிறுநீரகத்துல ஒண்ணை எடுத்துக்க. எனக்கு ஒண்ணு போதும்."

"உன் சைஸ் எனக்குள்ள நொழையாது அக்கா."

"சிரிக்காத. வாங்கிக்க."

முதலில் மறுத்தான், பிறகு அவளுடைய பிடிவாதத்துக்கு இறங்கி வந்தான். இரத்தம் பொருந்தியது. அக்காவின் உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று சோதித்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். ஆனால் அவனுடைய இதயத்தைப் படம் எடுத்துப் பார்த்தவர்கள் தலையசைத்தார்கள். இத்தனை வருட அழுத்தத்தில் இதயம் ஊதிப்போயிருந்தது. அவ்வளவு பெரிய அறுவையைத் தாங்காது. அன்று மருத்துவமனை வாசலில் நின்று அக்கா அழுததைப் போல அவள் அதற்கு முன் அழுததில்லை. வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த பொருளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவள் மாதிரி நின்றாள்.

வாரத்தில் மூன்று நாள் இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு அவன் பிழைப்பு ஓடியது. குடிக்கிற தண்ணீருக்கும் அளவு. தாகம் எடுத்தால் ஒரு பனிக்கட்டித் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான். மனைவி கண்ணாடிக் கடைக்குப் போய்விடுவாள். அம்மாவும் அவனும் வெயில் வருகிற அறையில் ஆளுக்கொரு மூலையில் இருப்பார்கள். அவள் அவனிடம் முன்போலப் பேசுவதில்லை. அவன் தூங்குகிறான் என்று நினைத்து அவனையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவன் தூங்கமாட்டான்.

இப்படி இரண்டாண்டு போனபின்தான் மகள் உண்டானாள்.

மகளுக்குக் கல்யாணமாகி வேறு பகுதியில் குடியிருந்தாள். டயர் கடைக்கு மேலே ஓர் அறை. மருமகன் வேலை பார்த்த பட்டறை மூடிவிட்டதால் வேலை தேடி அடுத்த ஊர்களுக்கு அலைந்துகொண்டிருந்தான். மகள் பார்சல் கிடங்கில், ஓடும் பட்டைக்கு முன்னால் நின்று பெட்டிகளைப் பிரித்துப் போடும் வேலையில் இருந்தாள். நல்ல செய்தியைச் சொல்ல வந்தவளிடம் அவன் முதலில் கேட்டது, "நின்னுக்கிட்டேவா வேலை பாக்குற?"

"வேற எப்படிப்பா பாக்குறது? அங்க நாற்காலி எல்லாம் இல்ல."

மறுநாள் இயந்திர நாள் இல்லை. கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மாடி இறங்கி, புகைவண்டியைக் கூட்டிக்கொண்டு டயர் கடைக்குப் போனான். மேலே ஏறும்போதே ரப்பர் நாற்றம் தொண்டையைப் பிடித்தது. அறையைப் பார்த்தான். ஒற்றை ஜன்னலும் கடையின் புகைப்போக்கியைப் பார்த்துத் திறந்தது. சுவரில் கையை வைத்துப் பார்த்தான். ஈரம்.

"துணிமணியை எடுத்து வை" என்றான் மகளிடம்.

"அப்பா, அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எப்படி?"

"அவர்கிட்ட நான் பேசிக்கிறேன். தன்மானம் அது இதுன்னு ஏதாச்சும் சொன்னா, எங்கம்மாவைப் பேசச் சொல்றேன். அதைப் பத்தி அவங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்."

வெயில் வருகிற அறையை மகளுக்குக் கொடுத்துவிட்டு, தன் கட்டிலை நடையில் போட்டுக்கொண்டான். மனைவி இரண்டு வேளையும் கூடுதலாகக் கடையில் இருக்கத் தொடங்கினாள். அம்மா சமையலை எடுத்துக்கொண்டாள். பால், முட்டை, கீரை, பழம் என்று எதுவும் குறையாமல் தட்டில் விழும். மகள் தட்டைத் தள்ளினால் அம்மா அசையாமல் எதிரே உட்கார்ந்திருப்பாள். "கொல்றாங்கப்பா" என்று மகள் நடையைப் பார்த்துக் குரல் கொடுப்பாள். "ரெண்டு பேரையும் வளக்குறாங்க. வாயை மூடிட்டுத் தின்னு" என்பான் அவன்.

ஆனால் அவன் மனத்தை அரித்தது சாப்பாடு இல்லை. அவனுடைய இதயம் நாளுக்கு நாள் தளர்ந்துகொண்டிருந்தது. இயந்திரத்தில் படுத்திருக்கும்போதே இரண்டு முறை நினைவு தப்பியது. மருத்துவரைத் தனியாகப் பார்த்துக் கேட்டான்.

"எனக்கு ரொம்ப ஆசையெல்லாம் இல்ல டாக்டர். எம்பொண்ணு பெத்து எந்திரிக்கிற வரைக்கும் இருக்கணும். எங்கப்பா போனப்ப நான் அம்மா வயித்துக்குள்ள இருந்தேன். அந்த வேலையை நானும் பண்ணக் கூடாது."

மருத்துவர் மாத்திரையை மாற்றி எழுதினார். "கவலைப்படாதீங்க" என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

வீட்டில் அவன் சிரித்துப் பேசிக்கொண்டே இருந்தான். மயங்கி விழுந்ததை எல்லாம் மனைவியிடம் சொன்னதோடு சரி. மகள் வருகிற சத்தம் கேட்டால் போர்வையை விலக்கி எழுந்து உட்கார்வான். ஒருநாள் மதியம், மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது இரண்டாவது மாடிப் படியில் மூச்சு நின்றுவிடும் போலாயிற்று. படியிலேயே உட்கார்ந்துவிட்டான். மேலேயிருந்து மகள் இறங்கி வந்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"நீ எதுக்கு எறங்குற? போ மேல."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியாப்பா?"

"என்ன தெரியும்?"

"எல்லாம். டாக்டர் சொன்னது, நீ மயங்குனது. அம்மா சமையக்கட்டுல நின்னு அழுறாங்க, அது எனக்குக் கேக்காதா?"

அவன் கைப்பிடியைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகட்டும்" என்றான். "மனசுல போட்டு ஒழப்பிக்காத. உள்ள இருக்கிறதுக்குக் கேக்கும்."

"நான் சிரிச்சுக்கிட்டுத்தான இருக்கேன். உனக்காகத்தான் சிரிக்கிறேன்."

"நானும்தான்" என்றான். அதற்கு இருவருக்குமே சிரிப்பு வந்தது. சிரிப்பில் அவனுக்கு இருமல் வந்து, அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அவளுக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு முற்பகலில், இயந்திரத்தோடு இணைத்த கையை நீட்டிப் படுத்தவன் அப்படியே போய்விட்டான். அன்று துணைக்குப் போயிருந்தவள் அக்கா. பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாளாம். பதில் வராததால் தூங்குகிறான் என்று குரலைத் தாழ்த்தினாளாம். ஐம்பத்துமூன்று வயது.

கடையிலிருந்து ஓடிவந்த மனைவியும், அக்காவும், புகைவண்டியும் வீட்டின் கீழே படியடியில் நின்று பேசினார்கள். மகளிடம் இப்போது சொல்ல வேண்டாம், நிலைமை மோசம் என்று மட்டும் சொல்வோம், பிறகு மெல்ல மெல்ல என்றாள் அக்கா. அம்மா மேலேயிருந்து அவர்களைப் பார்த்துவிட்டாள். யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். அவர்கள் மேலே ஏறி வந்ததும், "மறைக்காதீங்க" என்றாள். "அன்னிக்கு எங்கிட்ட அப்படித்தான் மறைச்சாங்க. கூட்டத்தைப் பாத்து நானே தெரிஞ்சுக்கிட்டேன். நான் சொல்றேன். யாரும் உள்ள வராதீங்க."

சமையலறைக்குப் போய்த் தட்டில் சோற்றைப் போட்டுப் பிசைந்தாள். எடுத்துக்கொண்டு வெயில் வருகிற அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே நின்றவர்களுக்கு முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மகளின் அலறல். அதற்கு அடியில், மாறாத ஒரே குரலில், அம்மா.

"அழு. நல்லா அழு. ஒரு வாய் வாங்கிட்டு அழு."

"வேணாம்... வேணாம்..."

"வேணும். உனக்கு வேணாம்னா உள்ள இருக்கிறதுக்கு வேணும். வாயைத் தொற. ஆ. எனக்கு அன்னிக்கு யாரும் ஊட்டல. ஆ காட்டு."

மகள் அழுதுகொண்டே விழுங்கினாள். அம்மா அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, தட்டு காலியாகும்வரை ஊட்டினாள். அவளுடைய ஒரே மகன் செத்து இன்னும் ஒரு வேளை ஆகவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டுத்தான் சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவளை மறுநாள்வரை எழுப்ப முடியவில்லை.

அடக்கத்துக்குப் பணிமனையிலிருந்து எல்லோரும் வந்தார்கள். பெட்டியைத் தோள்கொடுத்துத் தூக்கியவர்களில் புகைவண்டி முன்னால் நின்றான். "கனமே இல்லடா" என்று அழுதான். மகளை அம்மா போகவிடவில்லை. "அங்க நிக்கணும். நிக்க வேணாம்" என்று முடித்துவிட்டாள். தகப்பனைக் கடைசியாகப் பார்க்க விடவில்லை என்ற கோபம் மகளுக்கு வெகுகாலம் இருந்தது.

குழந்தை நாள் தள்ளாமல், நேரத்துக்கு முந்தாமல் பிறந்தது. பெண். எடை போட்டவர்கள் நல்ல எடை என்றார்கள். அக்கா அதைப் பணிமனைவரை போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். மருமகனுக்கு அடுத்த ஊரில் வேலை கிடைத்து மூவரும் அங்கே போய்விட்டார்கள். சுண்டு செய்ததும் அம்மா ஊட்டியதும் அந்தப் பிள்ளைக்கு ஏதாவது செய்ததா, அல்லது அந்த ஒரு மாதத் துக்கம் உள்ளே எதையாவது குறைத்துவிட்டதா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. அது தெரியவர ஐம்பது அறுபது வருடமாகும். கேட்க நினைப்பவர்கள் அப்போது யாரும் இருக்கப்போவதில்லை.

அம்மா இருக்கிறாள். நெல் வியாபாரி வீட்டில், மாடும் கன்றுமாகப் பால் புழங்கிய இடத்தில், மூத்த பிள்ளைகள் இருவருக்குப் பின் செல்லமாகப் பிறந்தவள் அவள். இன்றுவரை அவளுக்குச் சர்க்கரையில்லை, அழுத்தமில்லை, பல்லும் பாதிக்கு மேல் இருக்கிறது. ஒருமுறை மருமகள் அவளைச் சாதாரணப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனாள். கையில் பட்டையைக் கட்டிப் பார்த்த இளம் செவிலி, "பாட்டி, உங்களுக்குச் சின்னப் பொண்ணு மாதிரி இருக்கு. நூறு வயசு இருப்பீங்க" என்று மகிழ்ச்சியோடு சொன்னாள்.

அம்மா அவளை வெறித்துப் பார்த்தாள். "வாயை அலம்பு" என்று சொல்லிவிட்டு எழுந்து நடந்தாள். கைத்தடி இல்லாமல், யாரையும் பிடித்துக்கொள்ளாமல், வீட்டின் மூன்று மாடியும் தானே ஏறினாள்.